'அழகிகள் மீட்பு': ஒரு பெட்டிச் செய்தியை எப்படிப் படிப்பது?

அஸ்தம்பட்டியில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் மூன்று நாளிதழ்கள் வாங்குகிறார்கள். மூன்றிலும் உள்பக்கத்தில் இப்படி ஒரு பெட்டிச் செய்தி அடிக்கடி கண்ணில் படும்:

'சேலத்தை அடுத்த ஏற்காடு அடிவாரம் பகுதியில் வீட்டை வாடகைக்கு எடுத்து, மசாஜ் சென்டர் என்ற பெயரில் விபச்சாரம் நடப்பதாகப் போலீசாருக்கு ரகசியத் தகவல் கிடைத்தது. அங்கு அதிரடி சோதனை நடத்தப்பட்டது. புரோக்கர் கைது செய்யப்பட்டார். வெளிமாநில அழகிகள் 2 பேர் மீட்கப்பட்டுக் காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டனர். வாடிக்கையாளர் ஒருவரிடம் விசாரணை நடைபெறுகிறது.'

இது எந்த நாளிலும் அப்படியே வந்த செய்தி அல்ல. பல வருடங்களாகப் படித்ததை வைத்து நானே கோத்த மாதிரி. ஊர்ப் பெயரை மாற்றினால் நாமக்கல்லுக்கும் பொருந்தும், கோவைக்கும் பொருந்தும். கடையில் இதைப் படிப்பவர்களில் ஒருவர் சிரிப்பார், ஒருவர் காலம் கெட்டுவிட்டது என்பார், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் இந்த ஐந்து வரிக்குள் குறைந்தது மூன்று சட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்த்தால், சட்டம் சொல்வதற்கும் நாம் நினைத்துக்கொண்டிருப்பதற்கும் நடுவே எவ்வளவு இடைவெளி இருக்கிறது என்பது தெரியும்.

சட்ட விழிப்புணர்வுக் கூட்டங்களில் பேசும் வாய்ப்பு எனக்கு அவ்வப்போது வரும். கல்லூரிகளில் முதலில் ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: இந்தியாவில் விபச்சாரம் குற்றமா? ஏறக்குறைய எல்லாக் கைகளும் உயரும். குற்றம் என்று உறுதியாகச் சொல்லும் பிரிவு எது என்று கேட்டால் கைகள் இறங்கிவிடும். அப்படி ஒரு பிரிவே கிடையாது என்பதுதான் காரணம். வயது வந்த ஒருவர், தன் விருப்பத்தின் பேரில், தனிமையில், பணம் பெற்றுக்கொண்டு உடலுறவு கொள்வதைக் குற்றம் என்று நம் சட்டம் எங்கும் சொல்லவில்லை. அதைச் சுற்றியுள்ள மற்ற எல்லாவற்றையும் குற்றமாக்கி வைத்திருக்கிறது.

பத்திரிகைகள் 'விபச்சாரத் தடுப்புச் சட்டம்' என்று எழுதுவது 1956ஆம் ஆண்டுச் சட்டத்தை. இந்தியா 1950இல் நியூயார்க்கில் கையெழுத்திட்ட ஐ.நா. உடன்படிக்கையைத் தொடர்ந்து வந்தது அது. அப்போது பெண்களையும் சிறுமியரையும் விற்பதை ஒடுக்கும் சட்டம் என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். 1986இல் திருத்தி, 'இம்மாரல் டிராபிக் தடுப்புச் சட்டம்' என்று மாற்றினார்கள். டிராபிக் என்றதும் சேலத்துக்காரர்களுக்கு ஐந்து ரோடு சந்திப்பின் வாகன நெரிசல்தான் நினைவுக்கு வரும். இங்கே அந்தச் சொல்லுக்கு ஆள்வணிகம் என்று பொருள். அதாவது, பெயரிலேயே சட்டம் தன் குறியைச் சொல்லிவிடுகிறது: விற்பவனும் வாங்குபவனும் நடத்துபவனும். 1986இல் வரையறையையும் மாற்றினார்கள். விபச்சாரம் என்றால் வணிக நோக்கத்துக்காக ஒருவரைப் பாலியல் ரீதியாகச் சுரண்டுவது அல்லது துன்புறுத்துவது என்று ஆனது. ஒரு பெண்ணின் நடத்தையைக் குறித்த சொல், அவளுக்கு மற்றவர் செய்யும் காரியத்தைக் குறிக்கத் தொடங்கியது. டீக்கடைப் பேச்சில் அது இன்னும் பழைய பொருளிலேயே இருக்கிறது.

சென்னை மாகாணத்தில் இதற்கு முன்பே சட்டங்கள் இருந்தன. 1930ஆம் ஆண்டு ஆள்வணிக ஒழிப்புச் சட்டம் ஒன்று. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதைத் தடுத்த 1947ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொன்று. இரண்டாவதற்காக மாகாணச் சட்டமன்றத்தில் இருபதுகளிலேயே குரல் கொடுத்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. வெளியே மேடைகளில் போராடியவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். அந்த வரலாறு தனிக் கட்டுரைக்கு உரியது, செய்திக்குத் திரும்புவோம்.

'வீட்டை வாடகைக்கு எடுத்து' என்பதில் தொடங்கலாம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு விடுதி நடத்துவதைத் தண்டிக்கிறது. இங்கே விடுதி என்றால் லாட்ஜ் அல்ல. ஒரு வீடு, ஓர் அறை, ஒரு வாகனம்கூட விடுதியாகலாம். அங்கே நடப்பது இன்னொருவரின் ஆதாயத்துக்காக இருக்க வேண்டும். அல்லது தொழிலில் உள்ள இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்களின் பரஸ்பர ஆதாயத்துக்காக இருக்க வேண்டும். இந்தப் பின்பகுதியை நிதானமாகப் படியுங்கள். ஒரு பெண் தன் வீட்டில் தனியாகத் தொழில் செய்தால் அது விடுதி ஆகாது. அதே பெண், தனியாக இருக்கப் பயந்து, தன்னைப் போன்ற இன்னொரு பெண்ணோடு சேர்ந்து வாடகையைப் பங்கிட்டுக்கொண்டால் விடுதி ஆகிவிடும். இருவரும் ஒருவருக்கொருவர் விடுதி நடத்தியவர்கள் ஆகிவிடுவார்கள். குடிகார வாடிக்கையாளர் கத்தியை எடுத்தால் கூப்பிடும் தூரத்தில் ஒரு துணை வேண்டும் என்று நினைப்பது மனித இயல்பு. சட்டம் அந்தத் துணைக்கு முதல் முறையிலேயே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை கடுங்காவல் வைத்திருக்கிறது. கூடவே இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம். தண்டனை ஆண்டுகள் அந்தப் பெண்களுக்கு வலிக்கும். அபராதத் தொகையோ பத்து அறை வைத்து நடத்தும் பெரிய ஆளுக்குக் கொசுக்கடி. சீசன் சமயத்தில் ஏற்காட்டில் ஒரு நல்ல அறையின் ஓர் இரவு வாடகைக்கே அந்தத் தொகை போதாது.

வாடகை என்றதும் ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. ஏற்காட்டில் வீட்டின் மாடியைச் சுற்றுலாப் பயணிகளுக்கு விடும் ஒருவர் கூட்டம் ஒன்றில் எழுந்து கேட்டார். "சார், சாவியைக் கொடுப்பது மட்டும்தான் நான். உள்ளே யார் என்ன செய்கிறார்கள் என்று எட்டிப் பார்க்க முடியுமா? ஒரு கணவன் மனைவியிடம் கல்யாணப் பத்திரிகை கேட்டுவிட்டு நான் பட்ட பாடு போதும்." கூட்டம் சிரித்தது. அவர் கேட்டது நியாயமான கேள்விதான். சட்டத்தின் பதில்: தெரிந்தே விட்டால்தான் குற்றம். உரிமையாளரோ ஏஜென்டோ, விடுதியாகப் பயன்படப்போகிறது என்று தெரிந்தே இடத்தைக் கொடுத்தால், முதல் முறை இரண்டாண்டு வரை சிறை. தெரியாமல் கொடுத்தவர் குற்றவாளி அல்ல. ஆனால் இந்தப் பிரிவில் ஒரு விசித்திரம் உண்டு. அந்த இடத்தில் சோதனை நடந்து, விபச்சாரத்துக்குப் பயன்பட்டது கண்டறியப்பட்டதாக, உரிமையாளர் வசிக்கும் பகுதியில் விற்பனையாகும் ஒரு நாளிதழில் செய்தி வந்துவிட்டால், அன்றிலிருந்து அவருக்கு அது தெரியும் என்றே சட்டம் அனுமானித்துக்கொள்ளும். தெரியாது என்று நிரூபிக்க வேண்டிய பொறுப்பு அவருடையது. நாம் சிரித்துக்கொண்டே தாண்டிப் போகும் பெட்டிச் செய்திக்குச் சட்டப் புத்தகத்தில் இப்படி ஓர் இடம் இருக்கிறது. ஆகவே அந்த மாடி வீட்டுக்காரருக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: கல்யாணப் பத்திரிகை கேட்காதீர்கள், அது உங்கள் வேலை அல்ல, அடையாள அட்டை வாங்கிப் பதிவேட்டில் எழுதுங்கள், ஒரே ஆள் வாரம் ஒரு பெண்ணோடு வந்து, அறையைத் தன் பெயரில் எடுத்து, வேறு வேறு ஆண்கள் வந்து போனால் அதைக் கவனியுங்கள், பேப்பரை ஒழுங்காகப் படியுங்கள்.

4ஆம் பிரிவு இதைவிடச் சிக்கலானது. இன்னொருவரின் விபச்சார வருமானத்தில் தெரிந்தே, முழுதாகவோ பகுதியாகவோ வாழும், பதினெட்டு வயது கடந்த எவரையும் இரண்டாண்டு வரை சிறைக்கு அனுப்பலாம். பெண்களின் கூலியைப் பறித்துத் தின்னும் ஆட்களைப் பிடிக்க எழுதிய வரி இது. எழுத்தின்படி பார்த்தால், அம்மாவின் வருமானத்தில் படிக்கும் கல்லூரி மாணவனும் இதற்குள் வருகிறான். மகள் அனுப்பும் பணத்தில் மாத்திரை வாங்கும் கிழவியும் வருகிறாள். நீதிமன்றங்கள் இப்படிப்பட்டவர்களைத் தேடிப் பிடித்து உள்ளே தள்ளுவதில்லை என்பது உண்மை. ஆனால் சட்டத்தில் ஒரு வரி இருக்கும்போது அதைக் காட்டி மிரட்ட ஒரு நீதிமன்றம் தேவையில்லை. ஒரு மொபைல் போன் போதும்.

தெருவுக்கு வருவோம். பொது இடத்தில் சைகை காட்டியோ பேசியோ ஆள் அழைப்பது 8ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறை ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐந்நூறு ரூபாய் வரை அபராதம். ஜன்னலிலோ பால்கனியிலோ நின்று கவனத்தைக் கவர்வதும் இதில் அடங்கும். ஆண் இதையே செய்தால் ஏழு நாள் முதல் மூன்று மாதம் வரைதான். ஒரே குற்றத்துக்கு ஏன் இரண்டு அளவுகோல் என்று சட்டம் காரணம் சொல்லவில்லை. 7ஆம் பிரிவு, வழிபாட்டுத் தலம், கல்வி நிலையம், மாணவர் விடுதி, மருத்துவமனை ஆகியவற்றிலிருந்து இருநூறு மீட்டருக்குள் தொழில் செய்வதைத் தண்டிக்கிறது. செவ்வாய்ப்பேட்டையிலோ அம்மாப்பேட்டையிலோ இருநூறு மீட்டருக்குள் ஒரு கோயிலோ பள்ளியோ நர்சிங் ஹோமோ இல்லாத சந்து இருந்தால் காட்டுங்கள், பார்க்கலாம். தனிமையில் செய்தால் குற்றமில்லை என்று முன்பு சொன்னேன் அல்லவா? நெரிசலான ஊரில் அந்தத் தனிமைக்குச் சட்டம் விட்டுவைத்த இடம் எவ்வளவு என்று இந்த ஒரு பிரிவை வைத்தே அளந்துகொள்ளலாம்.

இனி, 'மீட்கப்பட்டு'. இந்தச் சொல்லைப் புரிந்துகொள்ள ஆள்கடத்தல் என்றால் என்ன என்று தெரிய வேண்டும். 'கடத்தல்' என்ற நம் சொல்தான் முதல் தடை. சேலம், மேட்டூர் பக்கத்து ஆட்களுக்குக் கடத்தல் என்றால் சந்தனக் கட்டை. மற்றவர்களுக்குச் சினிமாவில் கண்ணாடி கறுத்த வேன், வாயில் துணி. நடப்பது அப்படியில்லை. பெரும்பாலும் அந்தப் பெண்ணே தன் காலால் நடந்து, தன் கையால் பையைத் தூக்கிக்கொண்டு, டிக்கெட் வாங்கி, தெரிந்த ஒருவரோடு வண்டி ஏறுகிறாள். அவர் சித்தி முறையாக இருக்கலாம், காதலனாக இருக்கலாம், பக்கத்து வீட்டில் நான்கு வருடம் குடியிருந்தவராக இருக்கலாம். பியூட்டி பார்லரில் வேலை, வீட்டு வேலை, ஜவுளிக் கடையில் வேலை, கல்யாணம் என்று சொல்லியிருப்பார். வட மாநிலங்களிலிருந்து கேரளம் போகும் ரயில்களில் பல சேலம் சந்திப்பைத் தாண்டித்தான் போகின்றன. பிளாட்பாரத்தில் நின்று பார்த்தால் வேலை தேடி வரும் ஆயிரம் பேருக்கும் ஏமாற்றப்பட்டு வரும் ஒருத்திக்கும் வெளியே எந்த வித்தியாசமும் தெரியாது. வித்தியாசம் போய்ச் சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது.

சட்டம் இதை மூன்று கேள்விகளால் பிடிக்க முயல்கிறது. என்ன செய்தார்கள்? ஆள் சேர்ப்பது, கொண்டுபோவது, இருக்க இடம் கொடுப்பது, கைமாற்றுவது, பெற்றுக்கொள்வது, இவற்றில் ஏதாவது ஒன்று. எப்படிச் செய்தார்கள்? மிரட்டல், பலவந்தம், ஏமாற்று, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்துவது, பணமோ பரிசோ காட்டி ஆசை மூட்டுவது. எதற்காக? சுரண்டுவதற்காக. மூன்றும் பொருந்தினால் அது ஆள்கடத்தல். எல்லை தாண்ட வேண்டியதில்லை, மாவட்டம்கூடத் தாண்ட வேண்டாம். ஆத்தூரிலிருந்து சேலத்துக்குக் கொண்டுவந்தாலும் போதும். பாலியல் தொழிலுக்கு மட்டும் என்றும் இல்லை. செங்கல் சூளைக்கும், ஆடு மேய்க்கவும், உடலுறுப்புக்கும்கூட ஆள் கடத்துகிறார்கள். 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தின் 370ஆம் பிரிவை இப்படி மாற்றி எழுதினார்கள். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 143ஆம் பிரிவு. வேர், அரசமைப்புச் சட்டத்தின் 23ஆவது கூறில் இருக்கிறது. மனிதரை வணிகம் செய்வதை அது நேரடியாகவே தடை செய்கிறது. 143ஆம் பிரிவின்படி தண்டனை ஏழு முதல் பத்தாண்டு. குழந்தையாக இருந்தால் பத்தாண்டு முதல் ஆயுள் வரை. காவலரோ வேறு அரசு ஊழியரோ இதில் ஈடுபட்டால் எஞ்சிய வாழ்நாள் முழுவதும் சிறை.

அந்தப் பிரிவில் நான் வகுப்புகளில் பலகையில் எழுதிப் போடும் ஒரு வரி உண்டு: கடத்தப்பட்டவரின் சம்மதம் ஒரு பொருட்டல்ல. அவளாகத்தானே வந்தாள், அவளாகத்தானே ரயில் ஏறினாள் என்று கேட்பவருக்கான பதில் இது. வேலைக்குத்தான் சம்மதித்தாள்; ஏமாற்றிப் பெற்ற சம்மதத்துக்குச் சட்டத்தில் மதிப்பில்லை. பதினெட்டு வயதுக்குக் கீழ் என்றால் ஐ.நா. வரையறை இரண்டாவது கேள்வியையே கேட்பதில்லை; நம் பிரிவில் அப்படி ஒரு விலக்கு எழுதப்படவில்லை. ஆனால் விபச்சாரத்துக்காகச் சிறாரை விற்பதும் வாங்குவதும் தனிக் குற்றம்; அங்கே மிரட்டினார்களா, ஏமாற்றினார்களா என்று யாரும் ஆராய வேண்டாம். சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டமும் உடன் சேரும். 'விபச்சாரத்தில் ஈடுபட்ட 16 வயதுச் சிறுமி' என்று எழுதும் செய்தி சட்டப்படி அபத்தம். அவள் எதிலும் ஈடுபடவில்லை; அவள்மீது ஒரு குற்றம் நடந்திருக்கிறது.

அப்படியானால் ஏன் தப்பி ஓடுவதில்லை? இதற்குச் சட்டப் புத்தகத்தைவிட நம் ஊர் அனுபவம் நன்றாகப் பதில் சொல்லும். விசைத்தறிப் பட்டறைகளில் முன்பணம் வாங்கிய குடும்பங்களைச் சேலம், நாமக்கல் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள். வாங்கியது கொஞ்சம், அரிசிக்கும் மருந்துக்கும் கழித்துக் கழித்து, கணக்கு நோட்டில் கடன் மட்டும் வளர்ந்துகொண்டே இருக்கும். நோட்டு முதலாளியின் கையில். கதவு திறந்தே இருக்கும். ஆனால் போக முடியாது. இங்கேயும் அதே நோட்டுதான். ரயில் டிக்கெட், துணிமணி, அறை வாடகை, ஊருக்கு அனுப்பிய முதல் ஐயாயிரம், எல்லாம் அவள் கணக்கில் ஏறியிருக்கும். அத்துடன் ஒரு வீடியோ. போனில் எடுத்து வைத்துக்கொண்டு, உன் அப்பாவுக்கு அனுப்புவேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் பூட்டே தேவையில்லை. மொழி தெரியாத ஊர், திரும்பிப் போனால் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கும் உறவு. சுவர்களில் பாதியை நடத்துபவன் கட்டுகிறான். மீதியை நாம் கட்டிக் கொடுக்கிறோம்.

இங்கேதான் ஒரு சிரமமான இடம் வருகிறது, தாண்டிப் போக முடியாது. எல்லாப் பெண்களும் கடத்தப்பட்டவர்கள் அல்ல. கணவன் விட்டுப் போன பிறகு, கட்டட வேலைக்கும் கொலுசுப் பட்டறைக்கும் போய்ப் பார்த்துவிட்டு, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காக இதைத் தேர்ந்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். அது தேர்வா, வறுமை தள்ளிய தள்ளா என்று அறிஞர்கள் பல பத்தாண்டுகளாகச் சண்டையிடுகிறார்கள். ஒரு தரப்பு எல்லாமே வன்முறை என்கிறது. இன்னொரு தரப்பு இதுவும் உழைப்பு, தொழிலாளிக்குரிய உரிமை வேண்டும் என்கிறது. நான் இரண்டு தரப்பையும் கேட்டுக் கேட்டு வந்து நின்ற இடம் இது: முப்பத்தைந்து வயதுப் பெண் இது என் முடிவு என்று சொன்னால், அவளுக்காக நான் அழ வேண்டிய அவசியமில்லை, பதினைந்து வயதுச் சிறுமியைப் பற்றிப் பேசும்போது 'தொழில்' என்ற சொல்லே என் வாயில் வரக் கூடாது. விபச்சாரம் என்ற சொல் நெறி தவறுதலைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது, ஆகவே தீர்ப்பையும் சேர்த்தே சுமக்கிறது. பாலியல் தொழிலாளி என்ற சொல் தீர்ப்பைக் கழற்றிவிடுகிறது, ஆனால் அடைத்து வைக்கப்பட்டவளையும் தொழிலாளி ஆக்கிவிடும் ஆபத்து அதில் உண்டு. ஆளைப் பார்த்துத்தான் சொல்லை எடுக்க வேண்டும்.

போலீசும் அப்படித்தான் ஆளைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். 'அதிரடி சோதனை'யில் அதற்கு நேரம் இருப்பதில்லை. 1956ஆம் ஆண்டுச் சட்டத்தில் சோதனைக்கு விரிவான விதிகள் உண்டு. இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத சிறப்புக் காவல் அதிகாரியின் பொறுப்பில் நடக்க வேண்டும். சோதனை ஆணை (வாரண்ட்) இல்லாமல் நுழையலாம், ஆனால் அக்கம்பக்கத்தைச் சேர்ந்த இருவராவது சாட்சியாக இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண். குறைந்தது இரண்டு பெண் காவலர்கள் உடன் போக வேண்டும். பெண்களைப் பெண் அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். எல்லாம் நல்ல விதிகள். 'கண்ணியமான' அண்டை வீட்டார் சாட்சியாக வர வேண்டும் என்று சட்டம் எழுதியபோது, அந்த நேரத்தில் நம் தெருவின் கண்ணியம் முழுவதும் ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் என்று அது எதிர்பார்க்கவில்லை.

'காப்பகத்தில் ஒப்படைக்கப்பட்டனர்' என்று செய்தி முடித்துவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கு அங்கேதான் புதிய கணக்குத் தொடங்குகிறது. மீட்கப்பட்டவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அவர் வயதை, பின்னணியை, வீட்டுக்கு அனுப்பினால் மீண்டும் விற்கப்படுவாளா என்பதை விசாரிப்பார். பிறகு, தேவை என்று நினைத்தால், ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை காப்பகத்தில் வைக்க 17ஆம் பிரிவு அனுமதிக்கிறது. சிறுமிக்கு இது அடைக்கலம். வயது வந்த, போக விரும்பும் பெண்ணுக்கு? குற்றம் எதுவும் செய்யாதவள், நடத்தியவன் ஜாமீனில் வெளியே போன பிறகும், உள்ளே இருப்பாள். 2020 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் இப்படி வைக்கப்பட்டிருந்த மூன்று பெண்களை விடுவித்தது. விபச்சாரம் தன்னளவில் குற்றம் அல்ல, வயது வந்த பெண்ணை அவள் விருப்பத்துக்கு மாறாக வைத்திருக்க முடியாது என்றது.

உச்ச நீதிமன்றத்தின் உத்தரவு 2022 மே 19இல் வந்தது. அதன் தொடக்கம் ஒரு கொலை வழக்கு: 1999இல் கொல்கத்தாவில் பாலியல் தொழிலாளி ஒருவர் கொல்லப்பட்டார். குற்றவாளியின் மேல்முறையீட்டை 2011இல் தள்ளுபடி செய்த நீதிமன்றம், அதோடு நிறுத்தாமல், இந்தப் பெண்களின் நிலையை ஆராயக் குழு அமைத்தது. குழுவின் பரிந்துரைகளில் சிலவற்றில் ஒன்றிய அரசு தயக்கம் காட்டியது. மறுப்பில்லாதவற்றை மாநிலங்கள் கண்டிப்பாகக் கடைப்பிடிக்க வேண்டும் என்று நீதிமன்றம் கட்டளையிட்டது. காவலர்கள் கண்ணியமாக நடத்த வேண்டும். காப்பகங்களில் விருப்பத்துக்கு மாறாக வைக்கப்பட்டிருக்கும் வயது வந்த பெண்களைக் கணக்கெடுக்க வேண்டும். ஆணுறையைக் குற்றத்துக்கான ஆதாரமாகக் காட்டக் கூடாது. சோதனையின்போது பெண்களின் பெயரையோ முகத்தையோ ஊடகங்கள் வெளியிடக் கூடாது. மறுப்பு எதுவும் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அரசமைப்பின் 21ஆவது கூறு தரும் கண்ணியமான வாழ்வு இவர்களுக்கும் உண்டு என்று அந்த உத்தரவு திட்டவட்டமாகச் சொன்னது.

ஆணுறை விஷயம் தமிழ்நாட்டுக்கு நெருக்கமானது. இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. கண்டறியப்பட்டது 1986இல் சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வு அது. ரத்த மாதிரிகள், பிடிபட்டுக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து எடுக்கப்பட்டவை. அதன் பிறகு, நாட்டிலேயே முன்னோடியாக, 1994இல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. சேலம், நாமக்கல், சங்ககிரி என்று லாரிகள் நிறைந்த இந்த நெடுஞ்சாலைகளில் ஆணுறை கொடுத்து, பரிசோதனைக்கு அழைத்துப்போனவர்களில் இந்தத் தொழிலில் இருந்த பெண்களே பலர். அரசின் ஒரு கை ஆணுறையைக் கொடுக்கும்; இன்னொரு கை அதையே பையிலிருந்து எடுத்து மேஜையில் வைத்து 'இது என்ன?' என்று கேட்கும். இந்தக் கூத்துக்கு முடிவு கட்ட 2022 வரை ஆனது.

'வாடிக்கையாளர்' பற்றி இரண்டு வரி போதும். செய்தியும் அவருக்கு அவ்வளவுதான் கொடுக்கிறது. பெண்ணைக் குறிக்கத் தமிழில் பரத்தை, கணிகை, தாசி, வேசி என்று காலந்தோறும் ஒரு சொல் உண்டு. எதிரே இருக்கும் ஆணுக்கு மளிகைக் கடையில் புழங்கும் சொல்லைத்தான் கொடுத்திருக்கிறோம். 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி, தடை செய்யப்பட்ட இடத்துக்குள் என்றால் அவருக்கும் தண்டனை உண்டு. கடத்தப்பட்டவர் என்று தெரிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ ஒருவரைப் பாலியல் சுரண்டலில் ஈடுபடுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 144ஆம் பிரிவு பாயும்: மூன்று முதல் ஏழாண்டு, குழந்தை என்றால் ஐந்து முதல் பத்தாண்டு. மொழி தெரியாமல், கண்ணில் பயத்தோடு நிற்கும் ஒரு பெண்ணைப் பார்த்த பிறகும் எனக்கு எதுவும் தெரியாது என்று சொல்வதற்கு இந்தப் பிரிவு அதிக இடம் வைக்கவில்லை.

'அழகிகள்' என்ற சொல்லையும் விட்டுவிடக் கூடாது. முதல் தகவல் அறிக்கையில் அப்படி ஒரு சொல் கிடையாது. அழகியா இல்லையா என்பது எந்தப் பிரிவுக்கும் தேவையில்லை. இரண்டு பெண்கள் என்று எழுதினால் ஒரு குற்றச் செய்தியாக இருக்கும். அழகிகள் என்று எழுதும்போது வாசகர் எட்டிப் பார்க்கும் ஜன்னலாகிவிடுகிறது. நிருபர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, விற்கும் சொல்லை எழுதுகிறார்கள். வாங்குபவர்கள் நாம்.

யாராவது சிக்கிக்கொண்டிருக்கிறார்கள் என்ற சந்தேகம் வந்தால் நாமே கதவை உடைக்கப் போக வேண்டாம்; அவளை இரவோடு இரவாக வேறு ஊருக்கு மாற்றிவிடுவார்கள். சிறார் என்றால் 1098, பெண் என்றால் 181, உடனடி ஆபத்து என்றால் 112. சட்ட உதவிக்கு 15100. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழியாக இலவச வழக்கறிஞரும் இழப்பீட்டுக்கான விண்ணப்பமும் கிடைக்கும். தப்பி ஓடி வந்தவரிடம் வீட்டு முகவரி கேட்காதீர்கள், சாப்பிட்டாயா என்று கேளுங்கள்.

கைதான புரோக்கர் என்ன ஆவார்? சில வழக்குகளில் 'குண்டர் சட்டம் பாய்ந்தது' என்று அடுத்த செய்தி வரும். 1982ஆம் ஆண்டின் அந்தத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் நீண்ட பெயரில் விபச்சாரத் தரகர்களும் இருக்கிறார்கள். பன்னிரண்டு மாதம் வரை விசாரணை இல்லாமல் உள்ளே வைக்கலாம். படிக்க நிறைவாக இருக்கும். ஆனால் அது தடுப்புக் காவல், தண்டனை அல்ல. தண்டனைக்கு வழக்கு நடக்க வேண்டும். வழக்கு நடக்கச் சாட்சி வேண்டும். முக்கியமான சாட்சி அந்த இரண்டு பெண்கள். அவர்கள் மாஜிஸ்திரேட்டிடம் வாக்குமூலம் கொடுத்திருக்கலாம். ஆனால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் குறுக்கு விசாரணை செய்யாத வாக்குமூலத்தை மட்டும் வைத்து ஒருவரைத் தண்டிக்க முடியாது. அவர்களோ காப்பகத்திலிருந்து ஊருக்குப் போய்விட்டிருப்பார்கள். ஒருத்திக்குக் கல்யாணம் ஆகியிருக்கலாம், சேலம் என்ற பெயரையே வீட்டில் சொல்லியிருக்க மாட்டாள். வீடியோ வழியாகச் சாட்சி சொல்லப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்கும் அவளைக் கண்டுபிடித்து, அங்குள்ள ஒரு நீதிமன்ற அறையில் உட்கார வைக்க வேண்டும். மூன்று வருடம் கழித்து, ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி, பழைய முகவரிக்குச் சம்மன் போகும். அங்குள்ள காவலர் வாசலில் நின்று பெயரைக் கூப்பிட்டுப் பார்ப்பார். இரண்டு வாரத்தில் அது சேலத்துக்குத் திரும்பி வரும். பின்பக்கத்தில் எழுதியிருக்கும்: 'மேற்படி நபர் இந்த முகவரியில் இல்லை.'